ஆறாம் தரத்தில் எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

வெள்ளவத்தையில் வசிக்கும் என் அக்காவின் மகன் ஆறாம் தரத்துக்காகப் புதிய பாடசாலை ஒன்றில் சேர்ந்த முதல் நாள், வீட்டுக்குக் கொண்டுவந்தது பாதி எழுதப்பட்ட ஒரு நேரசூசி. நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று நாற்பது கட்டங்கள் கோடிழுத்து வரையப்பட்டிருந்தன. கோடுகள் மிக நேர்த்தி. திங்கட்கிழமை நிரம்பியிருந்தது, செவ்வாய் மூன்றாம் பாடவேளை வரை இருந்தது, அதற்கு அப்பால் வெறும் கட்டங்கள். நிரப்பிய கட்டங்களிலும் விஞ்ஞானம் 'விஞனம்' என்றும், குடியியற் கல்வி 'குடிய கவி' என்றும் இருந்தன. கேட்டதற்கு, "நான் எழுதி முடிக்கிறதுக்கு முன்னமே போர்டை அழிச்சுப் போட்டினம் சின்னம்மா" என்றான். புதன்கிழமை என்னென்ன பாடம் என்பது அவனுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை. அதனால் புதன்கிழமை காலையில் எல்லாக் கொப்பிகளையும், எல்லாப் புத்தகங்களையும் பையில் திணித்துக்கொண்டு வானில் ஏறினான்.

எட்டு வயதில் அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் வெளிப்படும் கற்றல் இடர்பாடு, இருப்பதாக உறுதிப்படுத்தப்பட்டது. ஆரம்பப் பிரிவில் அவனுக்கு அது பெரிய துன்பமாக இருக்கவில்லை. தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியரே வந்தார். கரும்பலகையை அழிக்கும் முன் அவன் கொப்பியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும், உரத்து வாசிக்கச் சொல்லும்போது அவனுடைய பெயரைத் தாண்டிப் போவதும், வாய்மொழியாகக் கேட்டு விடை வாங்குவதும் அந்த ஆசிரியைக்குப் பழகிப் போயிருந்தன. இவை எதுவும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் நல்லவர், அவ்வளவுதான். ஆறாம் தரத்தில் அந்த ஒருவருடைய இடத்துக்கு ஒன்பது, பத்து ஆசிரியர்கள் வருகிறார்கள். அந்த ஆசிரியையின் தலைக்குள் இருந்த அறிவு விடுகைப் பத்திரத்தோடு சேர்ந்து புதிய பாடசாலைக்குப் போவதில்லை. கற்றல் இடர்பாடுள்ள பிள்ளைகள் பலர் ஆறாம் தரத்தில் திடீரெனப் பின்தங்குவதற்கு வாசிப்பு மோசமாவதைக் காட்டிலும், அவர்களைப் பற்றிய செய்தி வழியில் தொலைந்துபோவதே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்த இடர்பாட்டின் பெயரைப் பற்றியே முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் கொழும்பில் அதைச் சுற்றிப் பெரிய குழப்பம் இருக்கிறது. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை உருவாக்கியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜேர்மனியக் கண் மருத்துவர் ருடோல்ஃப் பேர்லின். மூளையில் காயமோ நோயோ ஏற்பட்டு வாசிப்பை இழந்த பெரியவர்களைக் குறிக்கவே அவர் அதைப் பயன்படுத்தினார். பிறவியிலேயே இந்த நிலை இருக்கலாம் என்பதை 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதிய சிறு குறிப்பு வெளிக்கொணர்ந்தது. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தப் பையனின் ஆசிரியர் கூறியதாக மோர்கன் பதிவுசெய்திருக்கிறார். ஆக, தொடக்கத்திலிருந்தே விஷயத்தைச் சரியாகப் பார்த்திருந்தவர் ஒரு வகுப்பாசிரியர்தான்.

'கற்றல் இடர்பாடு' என்ற பொதுப் பெயரை 1963இல் அமெரிக்கக் கல்வியியலாளர் சாமுவேல் கேர்க் பரவலாக்கினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட உளநிலைக் கோளாறுகளை இனங்காணும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்று துறைகளில் ஒன்றிலோ பலவற்றிலோ வெளிப்படக்கூடிய ஒரே நிலையாக இதை வகுத்தது. தகுந்த உதவி வழங்கிய பின்னரும் குறைந்தது ஆறு மாதம் இடர்பாடு நீடிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. பாடசாலை வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதத்தினரிடம் இது காணப்படுவதாகவும் அது கூறுகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பொன்றில் இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை என்று இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம்மிடம் குழப்பம் எழுவது மொழிபெயர்ப்பில். பிரித்தானிய வழக்கில், நாம் கற்றல் குறைபாடு என்று நேராக மொழிபெயர்க்கும் சொற்றொடர் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாட்டையே குறிக்கும். அமெரிக்க வழக்கில் அதே சொற்றொடர் டிஸ்லெக்ஸியா போன்ற குறித்த இடர்பாடுகளைக் குறிக்கும். நம்முடைய வைத்திய மரபு பிரித்தானியாவிலிருந்து வந்தது, இணையத்தில் பெற்றோர் படிப்பதோ அமெரிக்க எழுத்துகளை. ஒரே தமிழ்ச் சொல்லை ஒரு வைத்தியர் ஒரு பொருளிலும் ஒரு தாய் வேறு பொருளிலும் பயன்படுத்தி, இருவரும் ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டு பிரிந்து போவது நடக்கக்கூடியதே. 'மெல்லக் கற்கும் மாணவர்' என்ற இன்னொரு பெயரும் ஆசிரியர் அறைகளில் புழங்குகிறது. அது எல்லாரையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை மெல்ல வாசிக்கும். மெல்லக் கற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்ஸியா என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதோடு நின்றுவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சுட்டுவது வேறொன்றை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்தறிவதிலும், அவற்றை எழுத்தோடு இணைத்து விரைவாக நினைவிலிருந்து எடுப்பதிலும் மூளை செயற்படும் முறை வேறுபடுகிறது. இது பெருமளவு பரம்பரையாக வருவதும் உண்டு. மகனுக்கு உறுதியான பிறகுதான் தகப்பனுக்குத் தன் பள்ளிக்காலம் புரிகிறது என்பது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை அல்ல.

தமிழில் இது எப்படி வெளிப்படும் என்பதைத்தான் நம் ஆசிரியர்கள் கேட்டறியும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆங்கிலம் போல ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டல் உள்ள மொழியில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை பிழையாக வாசிக்கும். பிழை காதில் விழும், ஆசிரியர் கவனிப்பார். இத்தாலியம், பின்னிஷ் போன்று எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் அதே இடர்பாடுள்ள பிள்ளை பெரும்பாலும் சரியாகவே வாசிக்கும், ஆனால் மிக மெதுவாக வாசிக்கும். தமிழ் முற்றிலும் அவ்வகை அல்ல. கடல், தங்கம், பகல் என்ற மூன்று சொற்களில் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. நகரமும் னகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன, ழகரத்தை நம்மில் பலர் ளகரமாகவே சொல்கிறோம். ஆயினும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் ஒழுங்கின் பக்கமே நிற்கிறது. விளைவு என்னவென்றால், ஐந்தாம் தரத்தில் ஒரு பந்தியை வாசித்துக் காட்டச் சொன்னால் பிள்ளை தட்டுத் தடுமாறியாவது சரியாக வாசித்து முடித்துவிடும். 'வாசிக்கத் தெரியும்' என்று குறித்துக்கொள்வார்கள். வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, முடித்தபோது பந்தியின் தொடக்கத்தில் என்ன இருந்தது என்பது பிள்ளைக்கு நினைவிருந்ததா என்று யாரும் குறிப்பதில்லை.

எழுத்தின் வடிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'கோடை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி இரண்டே எழுத்து. தாளில் எழுதும்போதோ, ககரத்துக்கு முன்னே ஒரு குறி, பிறகு ககரம், அதன் பின்னே ஒரு கால், டகரத்துக்கு முன்னே இன்னொரு குறி, பிறகு டகரம் என்று ஐந்து துண்டுகள். காதில் மெய்க்குப் பின்னால் கேட்கும் உயிரைக் கை மெய்க்கு முன்னால் எழுதியாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் தரத்துக்குள் இது தானாக ஓடத் தொடங்கிவிடும். என் அக்கா மகனுக்குப் பதினொரு வயதிலும் அது தானாக ஓடவில்லை. 'கோ'வைத் தொடங்குமுன் பேனை தாளுக்கு மேலே ஒரு கணம் நிற்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். சொல்லுக்கு ஒரு கணம், வரிக்கு ஆறேழு கணம் என்று கூட்டிப் பார்த்தால், செவ்வாய் மூன்றாம் பாடவேளையோடு நேரசூசி ஏன் நின்றது என்பது விளங்கும்.

இதற்கு மேல் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பேச்சோடு வளர்ந்த பிள்ளை 'வந்திட்டினம்' என்று கேட்டதை, கொட்டாஞ்சேனையில் மலையகப் பேச்சோடு வளர்ந்த பிள்ளை 'வந்துட்டாங்க' என்று கேட்டதை, இருவருமே புத்தகத்தில் 'வந்துவிட்டனர்' என்று காண்கிறார்கள். வாசிக்கும்போது அடுத்த சொல்லை ஊகித்துக்கொள்வது எல்லா வாசகருக்கும் உள்ள குறுக்குவழி. வீட்டில் கேட்காத வடிவங்களை ஊகிப்பது கடினம் என்பதால், மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு அந்தக் குறுக்குவழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. ஆரம்பப் பிரிவுப் புத்தகங்களின் சிறு வாக்கியங்களிலிருந்து ஆறாம் தர வரலாற்றுக்கு வந்தால் 'கட்டியெழுப்பப்பட்டிருந்தது' போன்ற சொற்கள் எதிர்ப்படத் தொடங்கும். பதினைந்து எழுத்து, ஒரே மூச்சு. விஞ்ஞானத்தில் ஒளித்தொகுப்பு, புவியியலில் அகலாங்கு, நெட்டாங்கு. இவை வீட்டிலோ தெருவிலோ தொலைக்காட்சியிலோ முன்பு கேட்டறியாத சொற்கள். வாசிப்பு ஒரு பாடமாக இருந்த நிலை மாறி, எல்லாப் பாடங்களுக்கும் போகும் ஒரே வாசலாக வாசிப்பு ஆகிவிடுவது இந்த வயதில்தான். கனடிய உளவியலாளர் கீத் ஸ்டனோவிச் 1986இல் விவரித்த ஏற்றத்தாழ்வு இங்கே கண்ணுக்கு நேரே நடக்கிறது: நன்றாக வாசிப்பவர் அதிகம் வாசித்து மேலும் சொற்களைச் சேர்த்துக்கொள்ள, தடுமாறுபவர் வாசிப்பைத் தவிர்த்து மேலும் பின்தங்குகிறார்.

ஆறாம் தரத்தோடு மேலும் இரண்டு எழுத்து முறைகளின் சுமை முழுதாக இறங்குகிறது. இரண்டாம் மொழியாகச் சிங்களம் எழுத்தும் வாசிப்புமாகக் கற்பிக்கப்படும். கொழும்புப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் சிங்களத்தைச் சரளமாகப் பேசினாலும், அதன் ஏறத்தாழ 60 எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கு வேறு விஷயம். ஆங்கிலத்திலோ பெற்றோர் எடுக்கும் ஒரு முடிவு காத்திருக்கிறது. அரச பாடசாலைகளில் சில பாடங்களை ஆங்கில மொழிமூலம் கற்கும் இருமொழிக் கல்வி வாய்ப்பு ஆறாம் தரத்திலிருந்தே தொடங்குகிறது. அந்த வகுப்பில் இடம் கிடைப்பதை ஒரு பதவி உயர்வு போலக் கொழும்புப் பெற்றோர் கருதுகிறார்கள். எழுத்துக்கூட்டலில் மிக ஒழுங்கற்ற மொழிகளில் ஒன்று ஆங்கிலம். தோ, த்ரூ, டஃப் என்று ஒலிக்கும் மூன்று சொற்கள் அதே நான்கு எழுத்துகளில் முடிவதை எந்த விதியாலும் பிள்ளைக்கு விளக்கிவிட முடியாது. தமிழிலேயே வேகத்துக்குப் போராடும் பிள்ளையை, விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் அந்த மொழியில் வாசிக்க அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். வாய்மொழி ஆங்கிலத்தில் பிள்ளை கெட்டியாக இருந்தால் கணக்கு மாறலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, செய்தி ஏன் தொலைகிறது என்ற கேள்விக்கு வருவோம். அதன் முதற் காரணம் பெற்றோரே அதை மறைப்பதுதான், மறைப்பதற்கு அவர்களுக்கு வலுவான நியாயமும் உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு பிறந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு மத்திய கல்லூரியில் இடமும் விடுதி வசதியும் தருவது அதன் நோக்கம். ஏறத்தாழ எட்டுத் தசாப்தங்களில் அது நகரத்துப் புகழ்பெற்ற பாடசாலைகளுக்கான நுழைவுச்சீட்டாக மாறிவிட்டது. முதலாம் வினாத்தாளில் 40 வினாக்களுக்கு 60 நிமிடம், இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து மொத்தம் 200 புள்ளிகள், பிறகு வெட்டுப்புள்ளி. வாசிப்பு வேகம் மட்டுமே குறையாக உள்ள பிள்ளையின் அறிவை அளப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற கருவியை நினைத்துப் பார்ப்பது கடினம். புள்ளி குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் வேறு வழிகளில் இடம் தேடுகிறார்கள். அந்தத் தேடலின்போது, வைத்தியரின் அறிக்கையை விண்ணப்பத்தோடு வைக்காதே என்று ஆலோசனை சொல்ல ஓர் உறவினராவது எப்போதும் இருப்பார். எங்கள் அக்காவுக்கும் சொன்னார்கள். அவள் வைக்கவில்லை. இடம் கிடைத்தது. கிடைத்த பிறகு, முதல் வாரத்திலேயே போய் உண்மையைச் சொன்னால் ஏமாற்றிச் சேர்த்ததாக நினைப்பார்களோ என்ற பயத்தில் ஒரு தவணை முழுவதும் பேசாதிருந்தாள். மறைத்து வாங்கிய இடத்தில் மறைத்தே இருக்க வேண்டியதாயிற்று.

பிள்ளையின் பக்கத்திலும் மறைப்பு உண்டு. ஆறாம் தரத்துக்குப் புதிதாக வரும் பிள்ளையிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி, "ஸ்கொலர்ஷிப்புக்கு எத்தனை புள்ளி?" என்பதே. அந்தக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லிக் கூசிய பிள்ளை, கரும்பலகை அழிக்கப்படும்போது கை உயர்த்தாது. வயிற்றுவலி என்று சொல்லும். உரத்து வாசிக்கும் முறை தன்னை நெருங்குவதை வரிசை எண்ணிப் பார்த்துக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும். வகுப்பறைக் கோமாளியாகி வெளியே அனுப்பப்படுவதும் ஓர் உத்திதான். இவற்றை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கும் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. முதலாம் தவணை முன்னேற்ற அறிக்கையில் என் அக்கா மகனுக்கு ஐந்து பாடங்களுக்கு எதிரே 'கவனயீனம்' என்று எழுதப்பட்டிருந்தது. ஐந்தும் வெவ்வேறு கையெழுத்து.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் உதவும்? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லாருக்கும் சமத்துவத்தை உறுதிசெய்து, பெண்கள், பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடுகள் செய்வதையும் அனுமதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனமொன்றில் அனுமதி வழங்கும்போது ஒருவருக்கு அவருடைய இயலாமையின் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. இதில் இரண்டு இடைவெளிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இயலாமைக்கு அச்சட்டம் தரும் வரைவிலக்கணம், உடல் அல்லது உளத் திறனிலுள்ள குறையினால் வாழ்க்கைத் தேவைகளைத் தாமாகவே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பது. ஓடியாடி விளையாடி, கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணி வாங்கிவரும் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையை இந்த வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவருவதற்குச் சட்டத்தரணி ஒருவர் நிறையவே வாதாட வேண்டியிருக்கும். மற்றது, சட்டம் பேசுவது அனுமதியைப் பற்றி. வாசலைத் தாண்டிய பிறகு வகுப்பறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை தனிப்பட்ட தேவைக்கேற்ற நியாயமான வசதிப்படுத்தலைக் கோருகிறது. அதை ஒரு பிள்ளையின் நேரசூசி வரை கொண்டுவரும் உள்நாட்டு ஏற்பாடுதான் பலமாக இல்லை.

ஒப்பீட்டுக்காக மட்டும் சொல்வதென்றால், அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தகுதிபெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துமூலத் தனியாள் கல்வித் திட்டம் கட்டாயம். பிள்ளை பாடசாலை மாறினால் அந்தத் திட்டமும் உடன் போகும், புதிய பாடசாலை அதை அலட்சியம் செய்ய முடியாது. இந்தியா தன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறித்த கற்றல் இடர்பாடுகளைப் பெயர் சொல்லியே இயலாமைகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் அரச பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன, மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அத்துறைக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆனால் அலகு என்பது தனி அறை. சாதாரண வகுப்பில் இருக்கும், இருக்க வேண்டிய பிள்ளைக்குத் தேவைப்படுவது அறை அல்ல, அறிவிக்கப்பட்ட ஆசிரியர்கள்.

உறுதிப்படுத்தல் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, கொழும்பில் வழக்கமான தொடக்க இடம் பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அங்கே கட்டணம் இல்லை, காத்திருப்பு உண்டு. ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்து இயங்கும் அயதி நிலையமும் உள்ளது. தனியார் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் பெற்றோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மொழியில் சோதிப்பீர்கள்? வாசிப்புச் சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காக உருவாக்கப்பட்டவை. தமிழ் மொழிமூலப் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்து எழுதும் அறிக்கை, அவனுக்கு ஆங்கிலம் போதாது என்பதை மட்டுமே நிரூபிக்கக்கூடும். தமிழில் பணிபுரியும் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்கள் குறைவு என்பதால் தேடுவதற்கு நாளாகும். அறிக்கை கையில் வரும்வரை பாடசாலையோடு பேசாதிருக்க வேண்டியதில்லை.

ரியூஷனைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் பிள்ளை பின்தங்கினால் முதல் மருந்து ரியூஷன், இரண்டாவது மருந்து இன்னொரு ரியூஷன். பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்ட பிறகு, நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் மேலும் வேகமாக மேலும் குறிப்புகள் சொல்லப்படும். பிள்ளையால் முடியாத அதே காரியத்தை இரட்டிப்பு நேரத்துக்குச் செய்ய வைப்பது அது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் அடிப்படைப் பயிற்சியை, ஒழுங்கான படிமுறையில், ஒருவரோடு ஒருவராக, வாரத்தில் பல நாள், சிறு பொழுதுகளாகத் தருவதுதான் பலன் தரும் வழியாக அறியப்பட்டது. அதே பணத்துக்கு அது கிடைத்தால் மண்டபத்தை விட்டுவிடலாம் என்பேன். தொலைபேசியில் புத்தகத்தை வாசித்துக் காட்டும் வசதி இப்போது தமிழுக்கும் உண்டு, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்திலும் பெறலாம். இதில் ஒரு சிறு பொறி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பைத் தொலைபேசியால் தமிழாக இனங்காண முடியாது, வாய்க்கு வந்ததை உளறும். அப்படியான பக்கங்களை அக்காவே வாசித்துப் பதிவுசெய்து வைக்கிறாள். குசினியில் குக்கர் கூவுவதும் பதிவில் விழுந்திருக்கும்.

செய்தியைக் கொண்டு சேர்க்கும் வழி மிக எளியது: ஒரு பக்கக் கடிதம். வைத்திய அறிக்கையின் பன்னிரண்டு பக்கத்தை எந்தப் பாட ஆசிரியரும் வாசிக்கப் போவதில்லை, வாசிக்கவும் நேரமில்லை. இரண்டாம் தவணை தொடங்கியபோது அக்கா எழுதிய கடிதம் வகுப்பாசிரியருக்கும் பகுதித் தலைவருக்கும் முகவரியிடப்பட்டிருந்தது. நோயின் வரலாறு அதில் ஒரு வரி மட்டுமே. மீதி முழுவதும் வகுப்பறையில் நடப்பதைப் பற்றியது. இவனுக்குப் பாடம் விளங்கும், வாயால் கேட்டால் சொல்லுவான். முன்னறிவிப்பின்றி எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். கரும்பலகையில் உள்ளதை எழுதி முடியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை ஓர் இரவுக்கு வீட்டுக்குக் கொண்டுவர அனுமதியுங்கள். வரலாற்றிலும் விஞ்ஞானத்திலும் விடை சரியாக இருந்து எழுத்துப்பிழை மட்டும் இருந்தால் புள்ளியைக் குறைக்காதீர்கள், தமிழ்ப் பாடத்தில் குறையுங்கள். கடைசி வரியை எழுதச் சொன்னவன் அவன். எல்லாப் பாடத்திலும் விட்டுக்கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்றான். கடிதத்தை அனுப்புமுன் அவனுக்கு வாசித்துக் காட்டியது அக்கா செய்தவற்றுள் சிறந்த காரியம் என்று நினைக்கிறேன். பதினொரு வயதில் தன் நிலையைத் தானே இரண்டு வாக்கியங்களில் சொல்லத் தெரிந்திருப்பது, அம்மா கூட வர முடியாத இடங்களில் உதவும். "எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனா கெதியா வராது" என்பது அவன் தானாகக் கண்டுபிடித்த வாக்கியம். கையேடுகளின் வரைவிலக்கணங்களைவிட அது துல்லியமானது.

கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, அது ஐந்து ஆண்டுகள் கழித்தே தெரியவரும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், எழுதுநர் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பத்தின் பேரில் வழங்குகிறது. விண்ணப்பம் பாடசாலை வழியாக, வைத்திய ஆதாரங்களோடு போக வேண்டும். பதினோராம் தரத்தில் முதன்முறையாக அதிபரிடம் போய்ச் சொல்லும் பெற்றோருக்கும், ஆறாம் தரத்திலிருந்தே கோவையில் கடிதமும் தவணைப் பரீட்சைக்கு வழங்கிய மேலதிக நேரத்தின் பதிவும் வைத்திருக்கும் பெற்றோருக்கும் வேறுபாடு உண்டு. தவணைப் பரீட்சையில் மேலதிக நேரம் தருவது அதிபரின் விருப்பத்தைப் பொறுத்தது. எங்கள் பாடசாலையில் முதலில் மறுத்து, பிறகு பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில், மற்றவர்கள் கதிரைகளை இழுத்து எழுந்து போகும் சத்தத்துக்கு நடுவே எழுதுவதற்குப் பதினைந்து நிமிடம்.

கடிதம் எல்லாரையும் சென்றடையவில்லை. வகுப்பாசிரியர் அதை ஆசிரியர் அறையில் கைமாற்றி வாசிக்கக் கொடுத்ததாகச் சொன்னார். அவனுடைய கணக்கின்படி ஒன்பது ஆசிரியர்களில் ஆறு பேருக்குத் தெரியும். யாருக்குத் தெரியும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். போர்டை அழிக்குமுன் யார் தன் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களோ அவர்களுக்குத் தெரியும் என்றான். தெரிந்த ஆறு பேரில் வரலாற்று ஆசிரியையும் ஒருவர். மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாம் வாரம் அவருக்கு நீர்கொழும்புக்கு இடமாற்றம் வந்தது, பதிலாக ஒரு புதியவர் வந்தார். அன்று மாலை அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு காலி வீதிக்குப் போட்டோக் கொப்பி எடுக்கப் போனாள்.